எத்தனை அடிச் சுவர் போதும்?

கேள்வி: அணு உலையைச் சுற்றித் தடிமனாக ஈயச் சுவர் வைத்துவிட்டால் தீர்ந்தது. இதற்கு ஏன் கம்ப்யூட்டர்?

பதில்: ஈயம் காமா கதிரை அடக்கும், நியூட்ரானிடம் அதன் பாச்சா பலிக்காது. கேரம் காய் இன்னொரு காயில் மோதினால் வேகத்தைப் பறிகொடுக்கும், பலகையின் விளிம்பில் மோதினால் அப்படியே திரும்பும் அல்லவா? ஈய அணுக்கரு விளிம்பு மாதிரி. நியூட்ரானுக்குச் சம எடையுள்ள காய், ஹைட்ரஜன். ஒரு மோதலில் சராசரியாகப் பாதி ஆற்றல் போய்விடும். ஆகவே தண்ணீரும், தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கும் கான்கிரீட்டும் தேவை. ஆனால், வேகம் குறைந்த நியூட்ரானை ஹைட்ரஜன் விழுங்கியதும் ஒரு புதுக் காமா கதிர் பிறக்கும். அதற்கும் தடுப்பு வேண்டும். எந்த அடுக்கு முன்னே, எது பின்னே, எத்தனை தடிமன் என்பதைக் கையால் போட்டு முடிக்க முடியாது.

கேள்வி: கம்ப்யூட்டர் போடும் இந்தக் கணக்கு சீட்டாட்டத்தில் பிறந்தது என்கிறார்களே?

பதில்: உண்மைதான். 1946இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஸ்டானிஸ்லா உலாம், தனியாகச் சீட்டு விளையாடியபோது யோசித்தது. ஜான் வான் நாய்மன் அதை நியூட்ரானுக்குப் பொருத்தினார். 1948இல் எனியாக் கணினியில் ஓடியது. அதுதான் மான்டே கார்லோ முறை. எத்தனை தூரம் போகும், எதில் மோதும், சிதறுமா, விழுங்கப்படுமா என்று ஒவ்வொரு நியூட்ரானின் வாழ்க்கையையும் சமவாய்ப்பு எண்கள் தீர்மானிக்கும்.

கேள்வி: கோடி நியூட்ரான்களை விட்டுப் பார்த்தும் சுவருக்கு வெளியே ஒன்றுகூட வரவில்லை என்றால், பாதுகாப்பு உறுதிதானே?

பதில்: இல்லவே இல்லை! ஒரு மெகாவாட் வெப்பத்துக்கே நொடிக்குச் சுமார் 30,000 லட்சம் கோடி அணுப்பிளவுகள். அந்தக் கணக்கில் ஒரு கோடி எந்த மூலைக்கு? அதனால் வெளிப்பக்கம் முன்னேறும் நியூட்ரானை இரண்டாகப் பிரித்து, ஆளுக்குப் பாதி மதிப்புக் கொடுப்பார்கள். உள்ளே திரும்புகிறவற்றில் சிலவற்றைச் சமவாய்ப்பில் நிறுத்தி, மிஞ்சியவற்றின் மதிப்பைக் கூட்டுவார்கள். சராசரியில் மொத்த மதிப்பு மாறாது. விடை நேர்மையாகவே இருக்கும். ஆனால் முக்கியமான பாதை எதுவென்று தவறாகக் கணித்தால், கம்ப்யூட்டர் தவறான விடையை மிகச் சிறிய பிழைவரம்போடு நீட்டும். எனக்குப் பயம் தருவது இதுதான்.

கேள்வி: இரண்டு மடங்கு நேரம் ஓட்டினால் பிழை பாதியாகுமா?

பதில்: நான்கு மடங்கு ஓட்டுங்கள்.

கேள்வி: கல்பாக்கம் அதிவேக ஈனுலையில் என்ன தனிச் சிக்கல்?

பதில்: உலையைக் குளிர்விக்கும் சோடியம். நியூட்ரானை வாங்கினால் அது சோடியம்-24 ஆகும். அரை ஆயுள் 15 மணி நேரம், காமா கதிரோ கடுமையானது. உலைக் கலத்துக்குள்ளேயே வெப்பமாற்றிகள் இருப்பதால், அவற்றினூடே ஓடி வெளியே வரும் இரண்டாம் சுற்றுச் சோடியத்தைக் காப்பாற்றியாக வேண்டும். அதற்காகக் கலத்துக்குள்ளேயே கவச வரிசைகள். கணக்கை மட்டும் நம்பாமல், டிராம்பேயிலிருந்த அப்சரா உலையில் கவச மாதிரிகளை வைத்து அளந்தும் பார்த்தார்கள். கணக்குப் போட்டவர்கள் அளவீட்டுக்கும் தலைகொடுக்கிற இந்தப் பழக்கத்தை நான் மனதார மதிக்கிறேன்.

கேள்வி: கவசம் பெரும்பாலும் எங்கே தோற்கும்?

பதில்: துளையில். குழாய்க்கும் கேபிளுக்கும் விட்ட வழியில் கதிர் தடையின்றிப் பாயும். அதனால்தான் அவற்றை நேராக விடாமல் வளைத்தும் படிவைத்தும் அமைக்கிறார்கள். வேலை முடிகிற நேரத்தில் யாராவது புதிதாக ஒரு குழாய் கேட்டால், முழுக் கணக்கையும் மறுபடி ஓட்ட வேண்டும்.