கீசரில் மர்க்கட நியாயம்: காஞ்சிபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆன்மா கரையேறுவது தன் முயற்சியாலா, இறையருளாலா என்ற வழக்கில் காஞ்சிபுரம் பல நூற்றாண்டு அனுபவம் உள்ள ஊர். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலையாரின் மர்க்கட நியாயம். பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும் என்பது தென்கலையாரின் மார்ஜார நியாயம். வேதாந்த தேசிகர் 1268இல் பிறந்த தூப்புல் இங்கேதான் இருக்கிறது. ஆயினும் அறிஞர் பெருமக்கள் ஏனோ குளியலறை வாசலோடு நின்றுவிட்டனர்.

குளிக்கும் முன் கீசரைப் போட்டு, குளித்ததும் அணைத்து, "ஆஃப் பண்ணியாச்சா?" என்று மூன்று முறை கேட்கும் வீடுகள் மர்க்கட மரபு. போட்டது போட்டபடி, "தெர்மோஸ்டாட் பாத்துக்கும்" என்றிருப்பவை மார்ஜார மரபு. (சின்ன காஞ்சிபுரத்தில் எது அதிகம் என்று எழுதினால் கேஸ் போடுவார்கள், தவிர்க்கிறோம்.)

பராமரிப்பு என்று வந்தால் மட்டும் எல்லோருமே பூனைக்குட்டிகள். கிணற்று நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறியதும் கார்பனேட்டாகிக் காயில் மேல் சுண்ணாம்பாய்ப் படிகிறது. பட்டு நூலைச் சோப்பு நீரில் வேகவைத்துப் பசை நீக்குபவர்களுக்கு இந்த உப்பின் குணம் தெரியும்: சோப்பு நுரைக்காது, திரியும். படிவைத் தாண்டிச் சூடு போக வேண்டியிருப்பதால் காயில் தவிக்கிறது, மீட்டர் ஓடுகிறது. உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பியும் உண்டு. தொட்டியின் இரும்பு துருப்பிடிக்காதிருக்கத் தன்னை அரிக்கக் கொடுப்பதே அதன் பணி. சரணாகதிக்கு இதைவிடத் துல்லியமான சான்று கிடைப்பது அரிது. அது கரைந்த பின் புதிது போடாவிட்டால், அடுத்த சரணாகதி தொட்டியுடையது.

மொட்டைமாடித் தொட்டியை எப்போது கழுவினீர்கள் என்றால், "அத்தி வரதர் வந்தப்போ" என்கிறார்கள். வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து அவர் எழுந்தருள்வது 40 ஆண்டுக்கு ஒருமுறை. 2019 ஜூலை 1 முதல் 48 நாள் தரிசனம். வீடு நிறைய விருந்தாளிகள். ஆகவே தொட்டிக்கும் ஸ்நானம். அடுத்தது 2059. பெருமாள் பள்ளிகொண்ட குளத்தின் கணக்கு பிளாஸ்டிக் தொட்டிக்கும் பொருந்தும் என்பதில் பாசிக்கு ஆட்சேபம் இல்லை.

ஆய்வின் பரிந்துரை: வருஷம் ஒருமுறை கீசரின் மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீர் வால்வை மூடி, சூடு ஆறியதும் அடியில் தங்கிய மண்டியை வடித்துவிட்டு, காயிலையும் கம்பியையும் பார்க்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவும். "நாளைக்குக் காலைல வரேன் சார்" என்பார். எந்த நாளை என்பது இரண்டாம் பகுதியில் ஆராயப்படும்.