என் ரகசியங்கள் மலிவு விலையில்

சிக்கனமாக வாழணும், செல்போனில் நம்ம அந்தரங்கம் நம்மகிட்டயே இருக்கணும், ஊர்ப் பிரச்சினைக்குக் கொடியும் பிடிக்கணும். இந்த மூன்று ஆசையும் ஒரே ஆளுக்கு வந்தால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமா? எங்கள் பக்கத்துக் கடை எதில் வேண்டுமானாலும் என் போன் நம்பரைக் கேளுங்கள், மனப்பாடமாகச் சொல்வார்கள்.

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் ஒரு அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். வழக்குப் போட்டவர் கே.எஸ். புட்டசாமி, ஓய்வுபெற்ற நீதிபதி. 86 வயதில் கோர்ட் படி ஏறிய மனிதர். எனக்குப் புல்லரித்துவிட்டது. அக்கம்பக்கத்துக்கு ஜாங்கிரி கொடுக்கலாம் என்று கடைக்குப் போனேன். பில் போட நம்பர் கேட்டார்கள். கொடுத்தேன்.

பில் போட நம்பர் கொடுத்தே ஆகணும் என்று கடைக்காரர்கள் கட்டாயப்படுத்தக் கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் அமைச்சகமே சொன்னது. அந்தத் தெம்பில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வாய்க்கு வந்த பத்து இலக்கத்தைச் சொன்னேன். கவுன்டர் பெண் திரையைப் பார்த்து ஒரு அம்மாள் பெயரைச் சொல்லி, "உங்க வீட்லயா சார்? பாயின்ட் நிறைய இருக்கு, கழிச்சுக்கட்டுமா?" என்றாள். என் அந்தரங்கத்தைக் காப்பாற்றப் போய் முன்பின் தெரியாத அம்மாளின் பெயரைத் தெரிந்துகொண்டேன். கழிக்கச் சொன்னேனா என்று கேட்காதீர்கள். சிக்கனம் என்று ஒன்று இருக்கிறது.

அடுத்து, போன். கூகுளின் கண்ணிலிருந்து தப்பிக்க கிராஃபீன்ஓஎஸ் என்று ஒரு இயங்குதளம் உண்டு, இலவசம். விசாரித்தேன். அது ஓட வேண்டுமானால் கூகுளே தயாரிக்கும் பிக்சல் போன்தான் வேண்டும் என்றார்கள். விலையைப் பார்த்தேன். கூகுள் என்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக ஒன்று வாங்கினேன். திறந்தால், பழைய உரிமையாளரின் குலதெய்வம் கோயில் கிடாவெட்டு முழுக்க உள்ளே இருக்கிறது. காதுகுத்து, மொய் நோட்டு, எல்லாம். 'இப்படியும் ஒரு அஜாக்கிரதையா?' என்று தலையில் அடித்துக்கொண்டபோதுதான் என் பழைய போன் ஞாபகம் வந்தது.

"ஏங்க, நீங்க போட்டுவெச்ச அந்த உடைஞ்ச போனா? மைக் கட்டிட்டு வண்டியில வந்தானே, அவன்கிட்ட போட்டு பிளாஸ்டிக் வாளி வாங்கிட்டேன்" என்றாள் மனைவி. உள்ளே இருந்ததை நான் அழிக்கவே இல்லை. என் தகவல் கசிந்ததா தெரியாது. வாளி கசிகிறது.

வாட்ஸ்அப்பை விட்டு சிக்னல் செயலிக்கும் மாறினேன். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் புது நிபந்தனைகளை நீட்டியதும் ஊரே கொதித்ததே, அப்போது. எலான் மஸ்க்கூட சிக்னலைப் பயன்படுத்துங்கள் என்று ட்வீட் போட்டார். அதைப் படித்த பலர், சிக்னலுக்குச் சம்பந்தமே இல்லாத 'சிக்னல் அட்வான்ஸ்' என்ற சின்னக் கம்பெனியின் பங்கை வாங்கித் தள்ளினார்கள். உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன், ஆறுதலாக இருந்தது. போராட்டக் குழுவையும் அங்கே அழைத்தேன். "தோழர், அதுல ஸ்டேட்டஸ் வைக்க முடியுமா?" என்று கேட்டார்கள். அப்போது முடியாது. இன்று அதில் எனக்குத் தவறாமல் எழுதுவது நான் மட்டும்தான். எனக்கு நானே குறிப்பு அனுப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது.

ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஆனால் மெஷினில் விரல் வைக்கணும். பயோமெட்ரிக் அபாயம் பற்றித் தெருமுனைக் கூட்டத்தில் நீட்டி முழக்கிய அதே விரல். வைத்தேன். "ரேகை விழல, அழுத்தி வைங்க" என்றார் கடைக்காரர். வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்தேன். அரசாங்கம் என் ரேகையை வாங்க மறுத்துவிடுமோ என்று அன்றைக்கு நான் பட்ட கவலை கொஞ்சமல்ல.

எங்கள் ஏரியில் குப்பை கொட்டுவதை எதிர்த்து ஆர்ப்பாட்டம். போலீஸ் அனுமதி கேட்கும் மனுவிலேயே பெயர், தகப்பனார் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் என் கையெழுத்தில் போய்விட்டது. முகத்தையாவது மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்தேன். முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் தமிழ்நாடு காவல்துறையிடம் உண்டு. 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்த செய்தியும் வந்தது. ஆகவே தொப்பி, மாஸ்க், கறுப்புக் கண்ணாடி. கூட வந்த தோழருக்கே என்னைத் தெரியவில்லை. துண்டறிக்கையை என்னிடமே நீட்டினார்.

சிவில் உடையில் ஒருவர் எங்களை வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தார், கல்யாண வீடியோக்காரரின் பொறுமையோடு. நான் அசையவில்லை. பிறகு ஒரு பத்திரிகைக்காரர் வந்து கேமராவைத் தூக்கினார். எப்போது மாஸ்க்கைக் கழற்றினேன், எப்போது கண்ணாடியைப் பையில் போட்டேன், எப்போது முன்வரிசைக்கு வந்தேன், எதுவும் நினைவில்லை. மறுநாள் பேப்பரில் கொடிக்குப் பின்னால் என் இடது காது மட்டும் வந்திருந்தது. அதை வட்டம் போட்டுக் குடும்ப குரூப்பில் அனுப்பினேன்.

வழக்கம்போல் கைது, வழக்கம்போல் கல்யாண மண்டபம், சாயங்காலம் விடுதலை. ஏட்டய்யா நோட்டோடு வந்தார். "போன் நம்பர் எதுக்குங்க?" என்றேன், அடிப்படை உரிமையை மனதில் வைத்து. "சாப்பாட்டுக்குக் கணக்கு எடுக்கிறோம் சார்." லெமன் சாதமா என்று கேட்டபடியே இரண்டு நம்பரையும் சொன்னேன்.

ஏரிக் கணக்கைக் கேட்டுத் தகவல் உரிமை மனுவும் போட்டேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். நம்ம வகைப் போராட்டத்துக்கு இதைவிட மலிவான ஆயுதம் கிடையாது. எதற்குக் கேட்கிறோம் என்ற காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதில் அனுப்ப விலாசம் மட்டும் வேண்டும். கூடவே என் நம்பரையும் எழுதிவைத்தேன், பழக்க தோஷம். சில நாளில் தெரியாத ஒருவர் போனில் கூப்பிட்டு, "ஏரி மேல என்ன சார் திடீர்னு அக்கறை?" என்று பாசமாக விசாரித்தார்.

பதிலும் வந்தது. குப்பை அள்ளும் ஒப்பந்தம் யாருக்கு என்பது 'தனிநபர் தகவல்', தர இயலாது, பிரிவு 8(1)(ஜே). அந்தப் பிரிவில் முன்பு பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற வாசகம் இருந்தது. 2023-ல் நம்ம அந்தரங்கத்தைக் காக்க வந்ததே டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதன் 44(3) பிரிவு அந்த வாசகத்தை எடுத்துவிட்டது. என் காது வரைக்கும் வெளியே வந்துவிட்டது. ஒப்பந்தக்காரரின் பெயர் பத்திரமாக இருக்கிறது.

பொதுநலன் என்ற வாசல் 8(2) பிரிவில் இன்னும் இருக்கிறது. 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊர் ஏரிக்கும் ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். விலாசம் கட்டாயம், போன் நம்பரை மட்டும் எழுதிவிடாதீர்கள்.