டேங்குக்குள் பஞ்சு

பந்தயக் காரின் பெட்ரோல் டேங்க் ரப்பர் பூசிய துணிப்பை. அதனுள் துளைகள் நிறைந்த பாலியூரித்தேன் பஞ்சு. எரிபொருள் அலைபாயாமல் தடுப்பதும், தீச்சுடர் உள்ளே பரவாமல் மட்டுப்படுத்துவதும் அதன் வேலை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் வளைவுகளில் இது தேவை.

பூந்தமல்லிச் சாலையில் ஓடும் சாதாரணக் காருக்கு? கம்பெனி டேங்கிலேயே அலையைத் தணிக்கும் தடுப்புகள் உண்டு. பஞ்சோ கொள்ளளவில் கொஞ்சம் தின்னும். காலப்போக்கில் உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் அதன் ஆயுளைக் குறைக்கலாம். பந்தய டேங்கே வேண்டும் என்போர் பஞ்சை எடுக்கக் கூடாது. எடுத்தால் பாதிப் பாதுகாப்பு போய்விடும்.

அம்பத்தூர் எஸ்டேட் நெரிசலில் பெட்ரோல் அலைபாய, முதலில் கார் நகர வேண்டும். ஆவடிப் பள்ளங்களில் அதிகம் குலுங்குவது ஓட்டுநரின் முதுகெலும்பு. அதற்கான பஞ்சு இருக்கையில் ஏற்கெனவே இருக்கிறது.