ஓட்டைப் படகு வாங்குவோர் கவனத்துக்கு

மினசோட்டா மாநிலத்து வண்டிகளின் நம்பர் பலகையில் ‘பத்தாயிரம் ஏரிகள்’ என்று எழுதியிருக்கும். அது அந்த ஊர்க்காரர்களின் அடக்கம். 10 ஏக்கருக்குக் குறையாதவற்றை மட்டும் எண்ணினாலே 11,842 வருகிறது. அத்தனையும் உறைந்து கிடக்கும் பிப்ரவரி இரவில், மினியாபொலிஸ் பக்கம் கணினி வேலைக்கு வந்து, கராஜோடு வீடும் வாங்கிவிட்ட நம்மவர் ஒருவர் தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டிருக்கிறார். 14 அடி அலுமினிய மீன்பிடிப் படகு, டிரெய்லரோடு சேர்த்து 500 டாலர். இந்த யோசனைகள் அவருக்காக. மனைவி கண்விழிப்பதற்குள் படித்துவிட வேண்டும்.

படகைப் பனிக்காலத்திலேயே வாங்கிவிடுவது உத்தமம். மேலே பனி மூடியிருப்பதால் குறை எதுவும் கண்ணில் படாது. விற்பவருக்கும் பொய் சொல்லும் சிரமம் மிச்சம். பனி உருகிய பிறகு போனால், படகுக்குள் பழுப்பாக மழைத்தண்ணீர் தேங்கி, அதில் இலை மக்கிக் கிடக்கும். மனம் தளரக் கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போகவில்லை என்றால், வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே வராது என்றுதானே அர்த்தம்? இந்தத் தர்க்கத்தை விற்பவரே எடுத்துக் கொடுப்பார். அந்தத் தண்ணீர் இத்தனை வருடமாக அங்கே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

வீட்டில் கேள்வி வரும். “ஏங்க, வாலாய் மீன்தான் கடையிலேயே கிடைக்குதே?” கிடைக்கிறதுதான். ரெட் லேக் பழங்குடியினர் தங்கள் ஏரியில் பிடித்து விற்கும் வாலாய் அருமையான மீன். அதன் விலையையும் இந்தப் படகில் நீங்கள் பிடிக்கப்போகும் முதல் மீனின் அடக்க விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க யாரையும் அனுமதிக்கக் கூடாது. பேச்சை வரலாற்றுப் பக்கம் திருப்புங்கள். இரண்டாம் உலகப் போரில் ஹெல்கேட் போர் விமானங்களைச் செய்த கிரம்மன் கம்பெனி, போர் முடிந்ததும் அதே அலுமினியத் தகட்டில் கனூ படகு செய்ய இறங்கியது. மினசோட்டாவிலும் 1946இல் அலுமாகிராஃப்ட், 1948இல் நியூயார்க் மில்ஸ் என்ற சிற்றூரில் லண்ட் என்று படகுக் கம்பெனிகள் கிளம்பின. விமானத்தின் உடம்பை இணைப்பதைப் போலவே தகட்டின் மேல் தகடு வைத்து ரிவெட் அடித்த படகுகள். ஆக, நாம் வாங்கியிருப்பது போர் விமானத்தின் பங்காளியை. “அப்ப அதை ஏன் தண்ணியில விடுறீங்க, பறக்கவே விடுங்களேன்” என்ற பதில் வந்தால், அனுமதி கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம்.

உண்மையில் 50 வருடமானாலும் அந்தத் தகடு அனேகமாக நன்றாகவே இருக்கும். கெட்டுப்போவதெல்லாம் மனிதர்கள் பிற்பாடு உள்ளே வைத்த சாமான்கள்: மரம், நுரை, கார்ப்பெட், இரும்பு ஸ்க்ரூ. மோட்டார் தொங்கும் பின்பலகைக்குள் பிளைவுட் வைத்திருப்பார்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பிடி வரைக்கும் இறங்கும். இருக்கைகளுக்கு அடியில் நுரை அடைத்திருப்பது, படகு தண்ணீரால் நிரம்பினாலும் மூழ்காமல் மிதப்பதற்காக. வருடக்கணக்கில் ஊறிய பிறகு படகிலேயே அதிகம் கனப்பது அதுதான். பிடுங்கி எறிந்தால் கனம் குறையும். புது நுரை வைக்க மறந்தால் அடுத்த முறை ஏரியின் அடியில் போய்த் தேட வேண்டியிருக்கும்.

பின்பலகைக்குப் புது மரம் வாங்கும் இடத்தில்தான் நம்மவரின் புத்திசாலித்தனம் முழுமையாக வெளிப்படும். கடையில் இரண்டு வகை மரம் இருக்கும். ஒன்று சாதாரணம். இன்னொன்று மருந்து ஏற்றியது, மண்ணில் புதைத்தாலும் உளுத்துப்போகாது, விலையும் கொஞ்சம்தான் கூட. படகுக்கு எது? மருந்து ஏற்றியது என்று சொல்லாதவர் யார்! முன்பு அந்த மரத்துக்கு ஆர்செனிக் ஏற்றினார்கள். 2004 முதல் வீட்டு உபயோக மரத்துக்கு அது நின்றுபோய், செம்பு அதிகம் கலந்த மருந்துகள் வந்தன. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு பேட்டரி உருவாகும். அதில் கரைவது எப்போதும் அலுமினியம்தான். சில வருடம் கழித்துப் பார்த்தால் மரம் வாங்கியபடியே இருக்கும்; படகுதான் பொத்தல் பொத்தலாகியிருக்கும். மருந்தில்லாத, தண்ணீர் தாங்கும் பசை போட்ட பிளைவுட்டை வாங்கி, விளிம்பும் போல்ட் ஓட்டைகளும் விடாமல் எபாக்சி பூசுவதே போதும். ஆனால் அதில் கெட்டிக்காரத்தனம் காட்ட வழியில்லை.

ஒழுகலைக் கண்டுபிடிக்க, படகை டிரெய்லரில் வைத்தபடியே உள்ளே தண்ணீர் விட்டு, கீழே படுத்துக்கொண்டு, சொட்டும் ரிவெட்டையெல்லாம் மார்க்கரால் வட்டமிட வேண்டும். சில அங்குலம் விட்டால் போதும். ஆர்வத்தில் ஹோஸைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனால், 500 லிட்டர் என்பது 500 கிலோ என்பதைத் துருப்பிடித்த அச்சு முறியும் சத்தத்தில் தெரிந்துகொள்வீர்கள். அடியில் யாரும் படுத்திருக்காமல் இருந்தால் சரி.

தளர்ந்த ரிவெட்டை இறுக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலால் அடிக்க, உள்ளே ஒருவர் கனமான இரும்புக் கட்டியை முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பவர் அலுமினியப் பானைக்குள் தலையை விட்டிருக்கும் நிலையில் இருப்பார் என்பதால், யார் உள்ளே என்பதைத் திருமணமானவர்கள் முன்கூட்டியே பேசி முடிவு செய்வது நல்லது. தனி ஆளுக்கு பாப் ரிவெட் உண்டு. அதில் சாதாரண வகைக்கு நடுவிலேயே துளை இருக்கும். ஓட்டையை ஓட்டையால் அடைக்கும் இந்தத் தத்துவம் பிடிக்காதவர்கள், முனை மூடிய வகையைக் கேட்டு வாங்கி, சீலன்ட் தொட்டு அடிக்கலாம்.

பெயின்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உப்பில்லாத ஏரித் தண்ணீரில் வெறும் அலுமினியம் தன் மேல் தானே ஒரு ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாக இருக்கும். பெயின்ட் தேவைப்படுவது பக்கத்து வீட்டுக்காரருக்கு. அடித்தே தீருவேன் என்பவர்கள் அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும் தனி பிரைமர் போட வேண்டும். இல்லையென்றால் முதல் கோடையிலேயே உரிந்து தொங்கும். இரும்புக் கம்பி பிரஷால் மட்டும் தேய்க்காதீர்கள். அதன் துகள் தகட்டில் பதிந்து பின்னால் துருப் பூக்கும்.

இவ்வளவு வேலைக்கும் படங்கள் எடுத்து ஊரில் இருக்கும் மச்சானுக்கு அனுப்பியிருப்பீர்கள். ஒன்றிலாவது டிரெய்லர் இருக்கிறதா? இருக்காது. படகு செய்யக்கூடிய துரோகம் ஒழுகுவது ஒன்றுதான். அதுவும் மெதுவாக ஒழுகும், ஒரு டப்பாவால் இறைத்துவிடலாம். டிரெய்லர்தான் நெடுஞ்சாலையில் மணிக்கு 65 மைல் வேகத்தில் உங்கள் பின்னால் வருவது. அதன் சக்கரம் சிறியது. கார்ச் சக்கரத்தைவிட அதிகம் சுற்றியாக வேண்டும். சுற்றிச் சூடான ஹப்பை, பனி உருகிச் சில வாரமே ஆன ஏரியில் இறக்குகிறீர்கள். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் பால் காபி நிறமாகும், பேரிங்கில் துரு ஏறும். பிறகு ஒரு நாள் உங்கள் காரை ஒற்றைச் சக்கரம் ஒன்று முந்திக்கொண்டு போகும். அது யாருடையது என்று சிரித்தபடி கண்ணாடியைப் பார்ப்பீர்கள். புது பேரிங்கும் சீலும் கிரீஸும் பெயின்டுக்குச் செலவழித்ததைவிடக் குறைவான சமாச்சாரம்; ஆனால் யாரும் பாராட்ட மாட்டார்கள்.

டயரில் பட்டன் தேயவில்லை என்று மகிழ வேண்டாம். பக்கவாட்டில் ‘DOT’ எழுத்துகளைத் தொடர்ந்து வரும் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2307 என்றால் 2007ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் பிறந்தது. மூன்றே எண்கள் இருந்தால் அது 2000க்கு முந்தியது. அதற்குரிய மரியாதையைக் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். விளக்குக்கு நான்கு ஒயர்: பழுப்பு பின்விளக்குக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது, வெள்ளை எர்த். இடது இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் சோகையாக மினுங்குகிறதா? வெள்ளை ஒயரைப் பாருங்கள். நீங்கள் ஆசையாகப் பெயின்ட் அடித்த சட்டத்தின் மேலேயே அதை முடுக்கியிருப்பீர்கள்.

கடைசியாக மே மாதம் வரும். வாலாய் சீசன் திறக்கும் சனிக்கிழமை விடியலில் மாநிலமே ஏரிக்கரைச் சரிவில் வரிசை கட்டி நிற்கும். வரிக்குதிரைச் சிப்பி ஏரிக்கு ஏரி பரவாமல் இருக்க, படகைச் சாலையில் இழுத்து வரும்போது, தண்ணீர் வடியும் அடித்துளையின் தக்கையைக் கழற்றியே வைத்திருக்க வேண்டும் என்பது மினசோட்டா சட்டம். நீங்கள் சட்டத்தை மதிப்பவர். படகை இறக்குங்கள், காரையும் டிரெய்லரையும் மேட்டின் கோடியில் நிறுத்திவிட்டு வந்து ஏறுங்கள், மோட்டாரைக் கிளப்புங்கள். கணுக்கால் நனையும்போது பதற வேண்டாம், ரிவெட் எதுவும் விடவில்லை. தக்கை காரில், காபி டம்ளர் வைக்கும் குழியில், பத்திரமாக இருக்கிறது.