பன்மை சார்

பணி ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் சிவப்பு பால்பாயின்ட், நாக்கு நுனியில் ரென் அண்ட் மார்ட்டின். 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிட்டர்ன் பேக்' திருத்துவதெல்லாம் அவருக்குத் தொட்டுக்கொள்ளத்தான். இலை போட்டுச் சாப்பிடுவது விலங்குகளின் பன்மையை.

"ஊர்ல நாலு ஷீப்ஸ் வாங்கி விட்டிருக்கேன்" என்று யாராவது ஆசையாகச் சொல்ல வேண்டியதுதான். என்ன விலை, மேய்க்க ஆள் உண்டா என்ற கேள்வியே கிடையாது. "ஷீப்! ஒண்ணுன்னாலும் ஷீப், நாலுன்னாலும் ஷீப்" என்று நடுவில் வெட்டுவார். நாமும் தமிழில் நாலு ஆடு, பத்து மாடு என்று 'கள்' போடாமல்தான் பேசுகிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை செம்மறிக்கு உண்டு, வெள்ளாட்டுக்கு இல்லை. மானுக்கு உண்டு, மாட்டுக்கு இல்லை. ஏன் சார் என்று கேட்டால், அன்று ஆபீஸுக்கு லேட்.

கூஸ், கீஸாகும். மூஸ், மீஸாகாது; அது வட அமெரிக்கப் பழங்குடிகளின் மொழியிலிருந்து வந்ததாம், பத்தானாலும் மூஸ்தான். மங்கூஸ்? "கீரிப்பிள்ளை! மராத்தியிலேர்ந்து போன சொல்லுய்யா, அதுக்கும் வாத்துக்கும் என்ன சம்பந்தம்? மங்கூஸஸ்!" அவரிடம் நல்ல பேர் வாங்க நினைத்து 'ஆக்டோபை' என்றான் ஒரு ஐ.டி. பையன். "கிரேக்கச் சொல்லுக்கு லத்தீன் வாலை ஒட்டறியே!" என்று பிடித்துக்கொண்டார். பையன் இப்போது லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் போகிறான்.

குழந்தைகளுக்கு மட்டும் அவரைப் பிடிக்கும். "ஷீப்'ஸ் டெயில்ஸ்னு எழுதினா, ஒரு ஆட்டு வாலா, மந்தையோட வாலா தாத்தா?" என்று மூன்றாம் மாடிச் சிறுமி கேட்டாள். ஆனந்தம் தாங்கவில்லை அவருக்கு. "அபாஸ்ட்ரஃபியைப் பார்த்தா தெரியாதுடி! வால் எத்தனைன்னு எண்ணித்தான் கண்டுபிடிக்கணும்" என்று அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். அந்த முகத்தைப் பார்த்தால் கோபம் வராது.

ஆனால் எலி விஷயத்தில் எனக்கு வருகிறது. கார் நிறுத்துமிடத்தில் எலிகள் வயரைக் கடித்துக் குதறுகின்றன. குடியிருப்புச் சங்கச் செயலாளர் லிஃப்டில் 'மவுஸஸ்' ஜாக்கிரதை என்று நோட்டீஸ் ஒட்டினார். மறுநாள் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் 'மைஸ்'. வளைகளை அடைக்கச் சொன்ன அடுத்த நோட்டீஸில் எஸ்ஸுக்குப் பின்னால் அபாஸ்ட்ரஃபி. "எஸ்ஸில் முடியாத பன்மைக்கு அபாஸ்ட்ரஃபி முன்னால், எஸ் பின்னால், சில்ட்ரன்'ஸ், ஆக்ஸன்'ஸ், மைஸ்'ஸ்" என்று ஓரத்தில் பாடமே எழுதிவிட்டார். எலி ஒழிப்புக்கென்று கூட்டிய கூட்டமும் அதிலேயே முடிந்தது. எலிப்பொறி இன்னும் வாங்கவில்லை. என் கார் மெக்கானிக்கிடம் நிற்கிறது.

சார், மைஸ் என்றே எழுதிவிடுகிறோம், அபாஸ்ட்ரஃபியை நீங்கள் காட்டுகிற இடத்திலேயே போடுகிறோம். பொறி வாங்கச் சங்கத்தில் பணமில்லை. உங்கள் மெயின்டனன்ஸ் மூன்று மாதமாகப் பாக்கி.