சம்பந்தப்பட்டவர்கள் கவனத்துக்கு

குப்பைக் கிடங்கின் அனுமதியில் ஏதாவது மாறினால் சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலையில் யார் சம்பந்தப்பட்டவர்? அது காற்றடிக்கும் திசையைப் பொறுத்தது. பௌர்ணமி இரவில் மலையை 14 கிலோமீட்டர் சுற்றி வரும் லட்சக்கணக்கானோரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் பற்றிச் சொல்லும் முறையை 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை விளக்கமாகவே வகுத்திருக்கிறது. ஒரு தேசிய நாளிதழ், ஒரு வட்டார மொழி நாளிதழ், குறைந்தது 30 நாள் அவகாசம். நாளிதழ் எட்டாத ஊரென்றால் தண்டோரா. தண்டோராவைத் தமிழ்நாடு 2022-லேயே வேண்டாமென்றுவிட்டது. ஒலிபெருக்கி கட்டிய வண்டி வரும். குப்பை வண்டியும் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் வருகிறது. எந்த வண்டிக்கு வாளியோடு ஓடுவது, எந்த வண்டிக்கு மனுவோடு ஓடுவது என்று பெண்கள் குழம்பினால் விதியில் விடை இல்லை.

கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கையும் கிடையாது. காலி நாற்காலிகளிடமும் கருத்துக் கேட்கலாம். இருக்கிற திட்டத்தை விரிவாக்குவதென்றால் கேட்பு தேவையா என்பதையே நிபுணர் குழு முடிவு செய்யும்.

2016 திடக்கழிவு விதிகள் குப்பை நிரப்பிடம் குளத்துக்கும் குடியிருப்புக்கும் 200 மீட்டர், விமான நிலையத்துக்கு 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கச் சொன்னன. விமான நிலையத்தைப் பொறுத்தவரை நாம் அப்பழுக்கற்றவர்கள். ஏரியையும் வீடுகளையும் பற்றிக் கேட்காதீர்கள்.

கேட்பு நடக்குமானால், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையின் பிரதி வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். அந்தப் பக்கம் போனால் கேட்டு வாங்கிப் படியுங்கள்.