கம்பி கட்டின கதை

பழைய லான்சர் சீடியா வைத்திருப்பவரிடம் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள். மைலேஜ், சர்வீஸ் என்றெல்லாம் பேச மாட்டார். "பாடி கொஞ்சம் ஃப்ளெக்ஸ் ஆகுது மாப்ள" என்பார், வீட்டில் யாருக்கோ சர்க்கரை ஏறிவிட்டதைச் சொல்லும் குரலில். 2006-ல் திருவள்ளூர் தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கிய வண்டி. 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 115 குதிரைத்திறன், ராலியில் ஓடிய பெயர். 15 வருடம் முடிந்து ஆர்.சி.யை இன்னொரு 5 வருடத்துக்குப் புதுப்பித்தும் ஆயிற்று. மிட்சுபிஷி எவல்யூஷன் 7-க்கும் இதற்கும் உடம்பு ஒரே வம்சம் என்பது உண்மைதான். அதைக் கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றுகிறவரிடம்கூடச் சொல்லாமல் விட்டதில்லை.

வளைவில் திரும்பும்போது முன்பக்க ஸ்ட்ரட்டின் தலையைத் தாங்கும் இரண்டு தகரக் கோபுரங்களும் மயிரிழை அசையும். குறுக்கே ஒரு பார் போட்டுப் பிணைத்தால் அசைவு குறையும், ஸ்டியரிங் கொஞ்சம் கூர்மையாகும். இதுவரை பொய் இல்லை. பொய்யெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பார் மாட்டும் நாளில் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ரசமட்டத்தோடு மண்டியிட்டுத் தவழ்வார். ஜாக்கியில் தூக்கி வைத்து மாட்டக் கூடாதாம். நாலு சக்கரமும் சமதளத்தில் ஊன்றியிருக்க வேண்டுமாம், இல்லையென்றால் பாடி முறுக்கின நிலையிலேயே பூட்டிக்கொள்ளுமாம். மழைத்தண்ணீர் வடிவதற்காகக் கட்டியவர்கள் விட்டிருந்த சரிவை அவர் மன்னிக்கவே இல்லை. சங்கக் கூட்டத்தில் எழுப்பினார். லிஃப்ட் பழுது பற்றிப் பேச வந்தவர்கள் மௌனமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்து கத்திப்பாரா. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நம்மை எழுப்பி, பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, மேம்பாலத்தின் சுருள் வளைவில் ஒரு சுற்று. "மாப்ள, வித்தியாசம் தெரியுதா?" உடம்பு கதவோடு ஒட்டிக்கிடக்கிறது, காலையில் குடித்த காபி தொண்டைக்கு வந்துவிட்டது; இதில் எதைத் தெரிந்துகொள்வது? "தெரியலையே" என்றால் இன்னொரு சுற்று, இன்னும் வேகமாக. அப்போதும் தெரியவில்லை என்றால் குற்றம் பின்பக்கத்தில். முன்பக்கம் இறுகிவிட்டதால் பின்பக்கம் தனியாக ஆடுகிறதாம். பின்னால் ஒரு பார் வேண்டும். சரி, தப்பிக்கலாம் என்று "நல்லாத் தெரியுது" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். முகம் மலர்ந்துவிட்டது. "மேலே போட்டதுக்கே இப்படின்னா, அடியில போட்டா?" அடியிலும் போட்டார். மறு ஞாயிறு மறுபடி கத்திப்பாரா. பிறகு ஃபெண்டருக்குள் ஒன்று, மறுபடி கத்திப்பாரா. எந்தப் பதில் சொன்னாலும் மலேசியாவிலிருந்து ஒரு பார்சல் வரும்.

அடியில் போட்ட பார் தெருமுனை ஸ்பீடு பிரேக்கரில் தினமும் உரசுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வீட்டம்மா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுகிறாள். டிக்கியில் குறுக்கே வந்த பாரால் ஊருக்குப் போகும் பெட்டி இப்போது பின்சீட்டில் பிள்ளையின் மடியில். ஏசி போய் இரண்டு கோடை ஆயிற்று. "ஏங்க, ஏசி..." என்று அவள் ஆரம்பித்தால், "கம்ப்ரஸர் ஓடினா பவர் போயிடும்" என்பதோடு பேச்சு முடிந்தது.

இதுவரை சிரிக்கலாம். ஆனால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்னால் "டொக்கு டொக்கு" என்று ஒரு சத்தம் வருகிறதே, அது பார் இல்லாத சத்தம் அல்ல. "சார், லோயர் ஆர்ம் புஷ் ரப்பர் கிழிஞ்சிருச்சு சார், முதல்ல அதை மாத்துங்க" என்று மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் கெஞ்சுகிறார். ரப்பர் கிழிந்தால் சக்கரம் தன் இஷ்டத்துக்கு முன்னும் பின்னும் போகும். மேலே எத்தனை பார் போட்டாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருடமும் நாலு இலக்கத்தில் இருக்கும். நான் குனிந்து பார்த்தேன்: 3214. 2014-ன் 32-ஆவது வாரம். ரப்பரில் வெடிப்பு விட்டிருக்கிறது. பாருக்கு வந்த பணம் டயருக்கு மட்டும் வராது. டயர் வாங்கினால் பானெட்டைத் திறந்து யாருக்குக் காட்டுவது?

மாமா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த பார்சலை நிறுத்துங்கள். இரண்டு புஷ், நாலு டயர். மற்ற நாளெல்லாம் அந்த முன்சீட்டில் உட்காருவது என் அக்கா.